ஆண்ட்ராய்டு செயலியில் தரவுத்தளக் குவெரி: எந்த வழி எப்போது?

ஆண்ட்ராய்டு செயலி ஒன்று திறந்தவுடன் அதற்கென்று ஒரு மெயின் திரெட் தொடங்குகிறது. திரையை வரைவது, விரல் தொட்டதை வாங்கிக்கொள்வது, ஒரு திரை மூடி இன்னொன்று திறப்பதைச் செயலிக்குச் சொல்வது எல்லாமே அந்த ஒரு திரெட்டின் பொறுப்பு. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு ஃப்ரேமை வரைய அதற்குக் கிடைப்பது சுமார் 16.67 மில்லிவினாடி. 120 முறை புதுப்பிக்கும் போன்களில் அதிலும் பாதிதான். அந்த நேரத்துக்குள் தரவுத்தளத்திடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றால் ஃப்ரேம்கள் தவறும். பட்டியலைத் தள்ளினால் திரை திக்கித் திக்கி நகரும். தொட்டு 5 வினாடி ஆகியும் அசைவில்லை என்றால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற பெட்டியை ஆண்ட்ராய்டே காட்டிவிடும்.

போனுக்குள் இருக்கும் தரவுத்தளம் பெரும்பாலும் எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் உருவாக்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இதற்குத் தனி சர்வர் கிடையாது. செயலியின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகிறது. ஆகவே குவெரியை அழைக்கும் திரெட் எதுவோ, கோப்பைத் திறந்து பக்கங்களைப் படித்து வரிசைகளைத் தேடுவதும் அதே திரெட்தான். மளிகைக் கடைக்கான ஒரு கடன் நோட்டுச் செயலியை எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பட்டியல், ஒவ்வொருவர் பேரிலும் பற்று வரவு, மேலே மொத்த பாக்கி. எழுதியவர் சோதனைக்கு 50 பதிவுகளை வைத்திருப்பார். எங்கிருந்து அழைத்தாலும் பதில் உடனே வரும். கடைக்காரரிடம் மூன்று வருடக் கணக்கு சேர்ந்த பிறகுதான் திரை உறையத் தொடங்கும். அவர் கையில் இருப்பதும் விலை குறைந்த போனாகவே இருக்கும்.

2017-இல் கூகுள் வெளியிட்ட ரூம் நூலகம் இந்தத் தவறுக்கு வாசலிலேயே தடை போடுகிறது. மெயின் திரெட்டில் குவெரியை அழைத்தால் எக்ஸெப்ஷன் எறிந்து செயலியை நிறுத்திவிடும். அலவ்மெயின்திரெட்குவெரிஸ் என்ற ஒரு வரியை எழுதி இந்தத் தடையை நீக்கிவிட முடியும். சோதனைக் கோப்புகளில் அதற்கு இடம் உண்டு. கடைக்காரர் கையில் போகும் செயலியில் அந்த வரி இருப்பது, புகை வந்ததைக் காட்டும் மணியின் கம்பியை அறுத்துவிடுவதற்குச் சமம்.

வேலையை வேறொரு திரெட்டுக்குத் தள்ளுவது இதில் சுலபமான பாதி. பதில் வரும்போது அதைக் கேட்டவர் இன்னும் இருக்கிறாரா என்பதே கடினமான பாதி. போனைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், வழக்கமான அமைப்பில் அந்தத் திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டி அழிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படும். ஆகவே எந்த நூலகம் புதியது என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. பதில் ஒருமுறை வந்தால் போதுமா, அல்லது தரவு மாறும்போதெல்லாம் வரவேண்டுமா? பதிலுக்காகக் காத்திருப்பது திரையா, திரைகளைத் தாண்டி வாழும் செயலியா, அல்லது செயலி மூடிய பிறகும் முடிந்தாக வேண்டிய வேலையா? குவெரி படிக்கிறதா, எழுதுகிறதா? கீழே வரும் ஒவ்வொரு வழியும் இவற்றில் ஒன்றிரண்டுக்கு நன்றாகப் பதில் சொல்லும், மற்றதில் தடுமாறும்.

எஸ்க்யூலைட் எவ்வளவு இடம் கொடுக்கும்

திரெட்டுகளைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. ஒரு தரவுத்தளக் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். 2010-இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து வால் என்ற முறை இருக்கிறது. மாற்றங்களை முதலில் தனி லாக் கோப்பில் எழுதிவைத்து, பிறகு மூலக் கோப்பில் சேர்க்கும் முறை அது. அதில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் படிக்கலாம். எழுதுகிறவர் மட்டும் அப்போதும் ஒருவரே. வால் இல்லாதபோது ஆண்ட்ராய்டு ஒரே ஒரு இணைப்பைத்தான் திறந்து வைத்திருக்கும். பத்து திரெட் வந்தாலும் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ரூம், நினைவகம் மிகக் குறைந்த போன்களைத் தவிர மற்றவற்றில் தானாகவே வால் முறையைத் தேர்ந்துகொள்கிறது.

ரூம் இல்லாமல் நேரடியாகக் கர்சருடன் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு. ராகுவெரி என்று அழைத்தவுடன் குவெரி ஓடிவிடுவதில்லை. கர்சரிடம் எத்தனை வரிசை என்று கேட்கும்போதோ, முதல் வரிசைக்கு நகரும்போதோதான் உண்மையான தேடல் நடக்கிறது. பின்னணித் திரெட்டில் கர்சரை வாங்கி அப்படியே மெயின் திரெட்டிடம் கொடுத்தால், கனமான வேலை முழுவதும் மெயின் திரெட்டிலேயே நடக்கும். குறியீட்டைப் பார்த்தால் எல்லாம் பின்னணியில் நடப்பதுபோலவே தெரியும். பழைய கர்சர்லோடர், கர்சரை ஒப்படைக்கும் முன் பின்னணியிலேயே அதன் எண்ணிக்கையைக் கேட்டுவைத்ததற்குக் காரணம் இதுதான். அதோடு, கர்சர் ஒரு தடவைக்குச் சாதாரணமாக 2 எம்பி அளவுள்ள சாளரத்தையே நிரப்பும். பட்டியல் அதைத் தாண்டினால், கீழே தள்ளத் தள்ள மறுபடி நிரப்புவதும் தள்ளுகிற திரெட்டின் தலையில்தான். எந்த வழியைத் தேர்ந்தாலும், வரிசைகளைப் பின்னணியிலேயே முழுதாகப் படித்துப் பொருள்களாக மாற்றி, அவற்றையே வெளியே அனுப்புவது பாதுகாப்பு.

அசிங்க்டாஸ்க், லோடர்

2009-இல் ஆண்ட்ராய்டு 1.5-உடன் வந்த அசிங்க்டாஸ்க்கைப் புதிதாக எழுதும் செயலியில் தொடவே வேண்டாம். 2020-இல் ஆண்ட்ராய்டு 11 அதைக் கைவிட வேண்டியவற்றில் சேர்த்துவிட்டது. ஆனால் பழைய செயலியைப் பராமரிக்கிறவர் அதன் குணத்தைத் தெரிந்திருக்க வேண்டும். ஆக்டிவிட்டிக்குள் உள்வகுப்பாக எழுதப்பட்ட அசிங்க்டாஸ்க் அந்த ஆக்டிவிட்டியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். திரையைத் திருப்பினால் பழைய ஆக்டிவிட்டி போக வேண்டும். குவெரி முடியும் வரை அது நினைவகத்தை விட்டுப் போகாது. முடிந்த பிறகு வரும் பதிலும் யாரும் பார்க்காத பழைய திரைக்கே போகும். ஓடும் விதமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியது: முதலில் வரிசையாக, 1.6-இல் இணையாக, 3.0-இலிருந்து மறுபடி வரிசையாக. அதனால் ஒரு திரையின் நீண்ட வேலை, தொடர்பே இல்லாத இன்னொரு திரையின் சிறு குவெரியைக் காக்கவைக்கும்.

திரை திரும்பும் சிக்கலைத் தீர்க்க 3.0-இல் லோடர் வந்தது. தரவு மாறினால் தானே மறுபடி படிக்கும் யோசனையும் அதில் இருந்தது. யோசனை நல்லது, எழுதும் முறை சுற்றி வளைத்தது. 2018-இல் அதுவும் ஓய்வுபெற்றது. அந்த இடத்தை வியூமாடல் எடுத்துக்கொண்டது. ஆக்டிவிட்டி அழிந்து பிறந்தாலும் வியூமாடல் தொடர்ந்து இருக்கும்.

எக்ஸிக்யூட்டர், லைவ்டேட்டா

ஜாவாவிலேயே இருக்கும் செயலிக்கு எக்ஸிக்யூட்டர் இன்றும் நேர்மையான தேர்வு. புதிய நூலகம் வேண்டாம், புதிய மொழி வேண்டாம். வேலையைக் கொடுத்தால் பின்னணியில் செய்யும். எழுதும் வேலைகளுக்கு ஒற்றைத் திரெட் எக்ஸிக்யூட்டர் ஒன்றை ஒதுக்கினால், எஸ்க்யூலைட் எப்படியும் வரிசையில் நிறுத்தப்போகிறவற்றை முன்கூட்டியே வரிசைப்படுத்தியதாகும். முதலில் சேர்த்த பற்று முதலில், அடுத்த வரவு அடுத்து என்று ஒழுங்கும் கெடாது. பதிலை மெயின் திரெட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது, வேண்டாதபோது ரத்து செய்வது, பிழையைக் கையாள்வது மூன்றையும் கையாலேயே எழுத வேண்டும். மூன்றில் ஒன்று எங்காவது விட்டுப்போகும்.

படிக்கும் பக்கத்தில் எக்ஸிக்யூட்டருக்குத் துணையாக லைவ்டேட்டா வருகிறது. ரூமில் எழுதிய குவெரி லைவ்டேட்டாவைத் திருப்பித் தந்தால், யாராவது கவனிக்கத் தொடங்கியதும் பின்னணியில் ஓடி, பதிலை மெயின் திரெட்டில் கொடுக்கும். அட்டவணை மாறும்போதெல்லாம் மறுபடி ஓடும். திரை மறைந்திருக்கும்போது எதையும் அனுப்பாது. ஒரு சிறு குழு, ஜாவா, பட்டியல்கள் நிறைந்த செயலி என்றால் இந்த ஜோடி போதும்.

லைவ்டேட்டாவின் எல்லை, வந்த பதிலை மாற்றியமைக்கும்போது தெரியும். அதன் மேப் மெயின் திரெட்டில் ஓடுகிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் செயலிகள் இதில் எளிதாக மாட்டும். எஸ்க்யூலைட் தன் வழக்கப்படி எழுத்துகளின் குறியெண் வரிசையில் பெயர்களை அடுக்குகிறது. யூனிகோடில் 'ன' வருவது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால். ஆகவே கனகா முதலிலும் கபிலன் பின்னாலும் வருவார்கள். அகராதி வரிசையில் கபிலன்தான் முதலில். இதைச் சரிசெய்ய, வந்த பட்டியலை மேப்புக்குள் வைத்து கொலேட்டரால் அடுக்குவார்கள். ஆயிரக்கணக்கான பெயர்களை மெயின் திரெட் அடுக்கிக்கொண்டிருக்கும். குவெரி மட்டும் பின்னணியில் ஓடியிருக்கும். ஆண்ட்ராய்டின் எஸ்க்யூலைட்டில் மொழி வழக்கை ஒட்டி அடுக்கும் லோக்கலைஸ்டு என்ற வரிசைமுறை இருக்கிறது. அடுக்கும் வேலையை அதன் மூலம் குவெரிக்குள்ளேயே வைத்துவிட்டால் மெயின் திரெட்டுக்கு எதுவும் மிஞ்சாது.

ஆர்எக்ஸ்ஜாவா

பல ஊற்றுகளிலிருந்து வரும் தரவை ஒன்றோடொன்று பின்னி, வடிகட்டி, தாமதப்படுத்தி, பிழை வந்தால் மறுமுயற்சி செய்து தரும் வேலையில் ஆர்எக்ஸ்ஜாவாவின் கருவிப்பெட்டி மிகப் பெரியது. ஏற்கெனவே அதில் ஊறிய குழு, அதிலேயே நிறைய எழுதிவைத்த செயலி என்றால் வெளியே வர அவசரமில்லை. ரூம் அதை முழுமையாக ஆதரிக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம். கற்றுக்கொள்ள நாளாகும். வாங்கிய ஒவ்வொரு டிஸ்போசபிளையும் நினைவாக மூட வேண்டும். ஒன்றை மறந்தால் அது கசிவு.

ரூமுடன் சேரும்போது ஒரு நுணுக்கம் கவனத்துக்குரியது. ஒரு வாடிக்கையாளரை எண்ணை வைத்துத் தேடும் குவெரி சிங்கிள் என்று எழுதப்பட்டிருந்தால், அப்படி ஒருவர் இல்லாதபோது அது பிழையாக வரும். மேபி என்று எழுதினால் பதிலே இல்லாமல் அமைதியாக முடியும். ஃப்ளோவபிள் என்றால் எதுவும் அனுப்பாமல் அந்த வரிசை என்றாவது சேரும் வரை காத்திருக்கும். 'இல்லை' என்பதும் ஒரு பதிலா என்பதை யோசித்து வகையைத் தேர வேண்டும்.

கொரூட்டீன், ஃப்ளோ

காட்லினில் எழுதும் செயலிக்கு இன்று முதல் தேர்வு இதுதான். 2018-இல் காட்லின் 1.3-உடன் கொரூட்டீன் நிலைபெற்றது. 2019-இல் ரூம் 2.1 சஸ்பெண்ட் செயல்களையும் 2.2 ஃப்ளோவையும் ஏற்றுக்கொண்டன. சஸ்பெண்ட் என்று குறித்த குவெரி, பதில் வரும் வரை திரெட்டைப் பிடித்து வைப்பதில்லை. திரெட்டை விட்டுவிட்டு, பதில் வந்ததும் அதே வரியிலிருந்து தொடர்கிறது. எழுதுகிறவருக்கு மேலிருந்து கீழாகப் படிக்கும் சாதாரணக் குறியீடாகவே அது இருக்கும். பிழையை வழக்கமான ட்ரை-கேட்ச்சிலேயே பிடிக்கலாம்.

இதைவிடப் பெரிய லாபம் ஸ்கோப். ஒவ்வொரு கொரூட்டீனும் ஒரு ஸ்கோப்பில் பிறக்கிறது. ஸ்கோப் முடிந்தால் அதுவும் ரத்தாகிறது. வியூமாடல்ஸ்கோப்பில் தொடங்கிய குவெரி, திரை திரும்பினால் தொடரும். பயனர் திரையை விட்டு ஒரேயடியாக வெளியேறினால் நிற்கும். கேட்டவர் இருக்கிறாரா என்ற அந்தக் கடினமான பாதிக்குக் கொரூட்டீனின் அமைப்பிலேயே விடை எழுதப்பட்டிருக்கிறது. மற்ற எந்த வழியிலும் அது இவ்வளவு இயல்பாக வருவதில்லை.

ரூமின் சஸ்பெண்ட் குவெரியை டிஸ்பாச்சர்ஸ்.ஐஓ என்று சுற்றி எழுதுவதைப் பல செயலிகளில் காணலாம். அது தேவையில்லை; ரூம் தன் சொந்த எக்ஸிக்யூட்டரில்தான் அதை ஓட்டுகிறது. வந்த ஆயிரக்கணக்கான வரிசைகளைக் கூட்டி, அடுக்கி, வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை இருந்தால் அதற்குத்தான் டிஸ்பாச்சர் மாற்றம் வேண்டும். அங்கே பொருத்தமானது ஐஓ அல்ல, டீஃபால்ட்.

ஒருமுறைப் பதிலுக்கு சஸ்பெண்ட், தொடர் பதிலுக்கு ஃப்ளோ என்று பிரித்துக்கொள்ளலாம். ஃப்ளோவைத் தேரும்போது, மாற்றத்தை ரூம் எப்படி அறிகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது அட்டவணைக்கு ட்ரிகர் வைக்கிறது. எந்த வரிசை மாறியது என்று பார்ப்பதில்லை, எந்த அட்டவணை மாறியது என்று மட்டும் பார்க்கிறது. முருகன் என்ற வாடிக்கையாளரின் கணக்கைத் திரையில் திறந்து வைத்திருக்கும்போது, சர்வரோடு ஒத்திசைக்கும் வேலை வேறு 200 பேரின் கணக்கைத் தனித்தனியாக எழுதினால், முருகனுக்கான குவெரி திரும்பத் திரும்ப ஓடி, மாறாத அதே பதிலைக் கொண்டுவரும். டிஸ்டிங்க்ட்அன்டில்சேஞ்ச்டு என்று சேர்த்தால் அதே பதில் மறுபடி திரைக்குப் போகாது. ஆனால் குவெரி ஓடுவதை அது தடுக்காது. அதைக் குறைக்க வேண்டுமானால் அந்த 200 பதிவுகளையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் போட வேண்டும். 200 தனித்தனி ட்ரான்ஸாக்‌ஷனைவிட அது பன்மடங்கு வேகமும்கூட.

தேடல் பெட்டி

இந்த வழிகளின் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம், தட்டத் தட்டப் பதில் காட்டும் தேடல் பெட்டி. கடைக்காரர் 'மு' என்று தட்டியதும் ஒரு குவெரி போகிறது. 'முரு' என்றதும் இன்னொன்று, 'முருக' என்றதும் மூன்றாவது. 'மு'வுக்குப் பொருந்தும் பெயர்கள் நிறைய, அந்தப் பதில் வர நேரமாகும். மூன்றும் இணையாக ஓடினால் 'முருக'வுக்கான நான்கு பெயர்கள் முதலில் திரையில் வந்து, ஒரு நொடிப்பொழுதில் 'மு'வுக்கான நீண்ட பட்டியல் வந்து அதை அழித்துவிடும். பெட்டியில் ஒன்று, பட்டியலில் வேறொன்று. கடைக்காரர் முருகன் என்று நினைத்து முத்துவின் பேரில் பற்று எழுதிவிட்டால் அது வெறும் திரைப் பிழை அல்ல, இரண்டு குடும்பங்களின் கணக்குப் பிழை.

ஒற்றைத் திரெட் எக்ஸிக்யூட்டரில் வரிசை மாறாது; ஆனால் யாருக்கும் வேண்டாத முதல் இரண்டு குவெரிகளும் முடியும் வரை மூன்றாவது காத்திருக்கும். லைவ்டேட்டாவில் ஸ்விட்ச்மேப் பழைய பதிலைக் கைகழுவிவிடும். தட்டுவதற்கு இடையே சற்றுப் பொறுக்கும் வசதியைக் கையால் எழுத வேண்டும். ஆர்எக்ஸ்ஜாவாவில் டிபவுன்ஸும் ஸ்விட்ச்மேப்பும், ஃப்ளோவில் டிபவுன்ஸும் ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட்டும் இரண்டு வரியில் இதை முடிக்கின்றன. விரல் 300 மில்லிவினாடி நின்ற பிறகே குவெரி போகும்; புதியது கிளம்பினால் பழையது ரத்தாகும். இதோடு ஒரு விஷயம்: பெயரின் நடுவிலும் தேடுவதற்காகத் தேடுசொல்லின் முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி போட்ட லைக் குவெரி, இன்டெக்ஸைப் பயன்படுத்தாமல் அட்டவணை முழுவதையும் படிக்கும். எந்த அசிங்க் வழியும் அந்தக் குவெரியை வேகமாக்காது. சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடினால் போதும் என்றால், முழு உரைத் தேடலுக்கான எஃப்டிஎஸ் அட்டவணையே அதற்கு மருந்து.

எழுதும் வேலை

படிக்கும் குவெரி ரத்தானால் இழப்பில்லை. எழுதும் குவெரி ரத்தானால் ஒருவருடைய பணக் கணக்கு போய்விடும். கடைக்காரர் 450 ரூபாய் வரவைப் பதிந்து 'சேமி'யைத் தட்டி, அதே வேகத்தில் பின் பொத்தானையும் தட்டுகிறார். வியூமாடல்ஸ்கோப்பில் தொடங்கிய எழுதும் வேலை, தன் முறைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தால், திரையோடு சேர்ந்து அதுவும் ரத்தாகும். பிழைச் செய்தி வராது. அடுத்த வாரம் வாடிக்கையாளர் வந்து "கொடுத்துட்டேனே அண்ணாச்சி" என்று சொல்லும்போதுதான் தெரியும். பயனர் சேமிக்கச் சொன்ன எதுவும் திரையின் ஆயுளில் தொங்கக் கூடாது. செயலி அளவிலான ஸ்கோப் ஒன்றைக் களஞ்சிய வகுப்பிடம் கொடுத்து, எழுதும் வேலைகளை அதில் தொடங்க வேண்டும்.

செயலியே கொல்லப்பட்டாலும் முடிய வேண்டிய வேலைக்கு அதுவும் போதாது. நாள் முழுவதும் சேர்ந்த பதிவுகளை சர்வருக்கு அனுப்பிக் குறித்துவைப்பது, பழைய வருடக் கணக்கைக் காப்பகத்துக்கு மாற்றுவது போன்றவை வொர்க்மேனேஜருக்கு உரியவை. அது வேலைப் பட்டியலைத் தன் சொந்த ரூம் தரவுத்தளத்தில் எழுதிவைத்துக்கொள்கிறது. அதனால் போன் அணைந்து எழுந்தாலும் மறக்காது. உடனே திரையில் காட்ட வேண்டிய பதிலுக்கு அது ஏற்றதல்ல; எப்போது ஓடும் என்பதை ஆண்ட்ராய்டுதான் முடிவு செய்யும்.

ஒரு பற்றையும் அதனால் மாறும் மொத்த பாக்கியையும் சேர்த்து எழுதும்போது ட்ரான்ஸாக்‌ஷன் கட்டாயம். ஆண்ட்ராய்டில் ட்ரான்ஸாக்‌ஷன் ஒரு திரெட்டோடு கட்டப்பட்டது. கொரூட்டீனோ திரெட் மாறக்கூடியது. இரண்டையும் பொருத்திவைப்பதற்காகவே ரூமில் வித்ட்ரான்ஸாக்‌ஷன் இருக்கிறது. பழைய பிகின்ட்ரான்ஸாக்‌ஷனைக் கொரூட்டீனுக்குள் கையால் எழுதினால், நடுவில் திரெட் மாறி ட்ரான்ஸாக்‌ஷன் தொங்கிப்போகலாம். வித்ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இணைய அழைப்பு எதையும் வைக்கக் கூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் அந்த அழைப்பு 30 வினாடி தவித்தால், எழுதும் ஒரே இடத்தை அது அத்தனை நேரமும் பூட்டி வைத்திருக்கும். கடைக்காரர் தட்டும் ஒவ்வொரு 'சேமி'யும் அதன் பின்னால் நிற்கும்.

எந்தச் செயலிக்கு எது

காட்லினில் புதிதாகத் தொடங்கும் செயலிக்கு ரூம், சஸ்பெண்ட், ஃப்ளோ. எழுதும் வேலைகளுக்குச் செயலி அளவு ஸ்கோப். தப்பக் கூடாத நீண்ட வேலைக்கு வொர்க்மேனேஜர். ஜாவாவிலேயே தொடர வேண்டிய செயலிக்கு எக்ஸிக்யூட்டரும் லைவ்டேட்டாவும். ஆர்எக்ஸ்ஜாவாவில் நன்றாக ஓடும் செயலியைப் புதுமைக்காக மட்டும் மாற்றி எழுதுவது வீண் செலவு. புதிய திரைகளைக் கொரூட்டீனில் எழுதி, இரண்டுக்கும் நடுவே பாலம் போடும் நூலகத்தைப் பயன்படுத்தலாம். அசிங்க்டாஸ்க் நிறைந்த பழைய செயலியில் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பிடுங்குவதைவிட, முதலில் எழுதும் குவெரிகளையும், அடுத்து அதிகம் திறக்கப்படும் பட்டியல் திரையையும் மாற்றுவது நல்லது. இழப்பு முதலாவதில், எரிச்சல் இரண்டாவதில்.

பத்தாயிரக்கணக்கில் வரிசைகள் உள்ள பட்டியலுக்கு மேலே சொன்ன எந்த வழியும் தனியாக உதவாது. பின்னணியில் படித்தாலும் அத்தனையும் நினைவகத்தில் வந்து உட்காரும். பேஜிங் நூலகம் ரூமுடன் சேர்ந்து பக்கம் பக்கமாகப் படிக்கும்; ஃப்ளோ, லைவ்டேட்டா, ஆர்எக்ஸ்ஜாவா மூன்றுடனும் அது ஒத்துப்போகும்.

தேர்ந்த வழி சரியா என்பதை விலை குறைந்த உண்மையான போனில், மூன்று வருடத் தரவை நிரப்பிச் சோதித்துப் பார்க்க வேண்டும். பட்டியல் ஏறிக்கொண்டிருக்கும்போது போனைத் திருப்ப வேண்டும். 'சேமி'யைத் தட்டிய மறுகணம் வெளியேறி, மறுபடி திறந்து அந்தப் பதிவைத் தேட வேண்டும். ஒத்திசைவு ஓடும்போது பட்டியலைத் தள்ளிப் பார்க்க வேண்டும். செயலியை உருவாக்கும் கட்டத்தில் ஸ்ட்ரிக்ட்மோடை இயக்கி வைத்தால், மெயின் திரெட்டில் நழுவிவிட்ட கோப்புப் படிப்புகள் பலவும் லாகில் பெயரோடு வந்து நிற்கும்.